தொப்பி போட்ட கரடி

உங்கள் கடிதத்தில் இருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 அல்லது 84. மதுரை. உங்களுக்கு ஐந்து வயது. தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியிலிருந்து சித்தி ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அகலமான, மெல்லிய, பக்கம் முழுக்க வண்ணப் படம் போட்ட புத்தகம். அதில் ஒரு சிறுமி. கடையிலிருந்து முறுக்கு வாங்கி வரும்போது ஒரு நாய் பின்னாலேயே வந்து அத்தனையையும் தின்றுவிடுகிறது. அழுதுகொண்டு நிற்பவளுக்கு ஆசிரமத்தில் இருக்கும் ஒரு மூதாட்டி பூ ஒன்றைத் தருகிறாள். ஓர் இதழைப் பிய்த்து, மந்திரம் சொல்லி ஊதிவிட்டால் நினைத்தது நடக்கும். கரடிகள் துரத்துகின்றன. ஊரில் இருக்கும் பொம்மைகள் எல்லாம் தெருவில் திரண்டு வருகின்றன. கடைசி இதழால் கால் ஊனமான ஒரு பையன் குணமாகிறான். இது அம்புலிமாமாவில் வந்த கதையாக இருக்கவேண்டும் என்று நம்பி, மூன்று ஆண்டுகளாகப் பழைய இதழ்களைப் புரட்டியிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில், "இவையெல்லாம் என் குழப்பமாகக்கூட இருக்கலாம், பொருட்படுத்த வேண்டாம்" என்று சொல்லி வேறு சில துணுக்குகளையும் எழுதியிருந்தீர்கள். கரடிகளில் ஒன்று தொப்பி போட்டிருந்தது. சில பையன்கள் பழைய பலகைகள்மேல் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிறுமியை ஆட்டத்தில் சேர்க்க மறுத்தார்கள். பூவில் நீல இதழ் இரண்டு இருந்தன. நடுவில் எங்கேயோ ஒரு குழல் வருகிறது, அதை ஊதினால் இலைகள் நிமிர்ந்து அடியில் இருக்கும் பழங்கள் தெரியும்.

அந்தக் கடைசிப் பத்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொருட்படுத்த வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த நான்கும்தான் உங்கள் கதையை எனக்குக் காட்டிக்கொடுத்தன.

கதையை எழுதியவர் வலெந்தீன் கதாயெவ். ஒதெஸ்ஸாவில் 1897இல் பிறந்து, 1986இல் மறைந்த ரஷ்ய எழுத்தாளர். கதை வெளிவந்தது 1940இல். ரஷ்ய மொழியில் அதன் பெயர் 'ட்ஸ்வேத்திக்-செமிட்ஸ்வேத்திக்'. 'ஏழு நிறச் சின்னப் பூ' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'தி ரெயின்போ ஃப்ளவர்' என்ற பெயரில் மாஸ்கோவிலிருந்தே வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய சிறுவர் நூல்களைச் சேர்த்துவருகிறேன். இப்படிப் பாதி நினைவோடு வருகிறவர்களோடு சேர்ந்து தேடுவதும் வழக்கமாகிவிட்டது. அதில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். கதையின் கருவை வைத்துக்கொண்டு தேடினால் கதை அகப்படாது. வரம் தரும் பூ, மூன்று வரம், ஏழு வரம், வீணாய்ப்போன வரம், கடைசி வரத்தை அடுத்தவருக்குக் கொடுத்த நல்ல உள்ளம் என்பவை எல்லா நாட்டிலும் உண்டு. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் உண்டு. 'வரம் தரும் பூ' என்று தேடுவது மீனாட்சி கோயில் திருவிழாக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டவரைத் தேடுவது போன்றது. ஏன் இருக்கிறது என்றே தெரியாமல் கதைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறதே ஒரு விவரம், அதைப் பிடிக்கவேண்டும். பொருள் விளங்காததை மனம் புதிதாக இட்டுக்கட்டுவது அரிது. விளங்காமலே இத்தனை ஆண்டு தங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் புத்தகத்தில் இருந்ததுதான்.

தொப்பி போட்ட கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் அந்தச் சிறுமி வடதுருவத்துக்குப் போய்விடுகிறாள். கோடைக்காலக் கவுன், வெறுங்கால், நூறு டிகிரி குளிர். அழுதால் கண்ணீர் அப்படியே உறைந்து, கூரைத் தண்ணீர்க்குழாயில் தொங்குவதைப்போல மூக்கில் தொங்குகிறது. அப்போது பனிப்பாறைக்குப் பின்னாலிருந்து ஏழு வெள்ளைக் கரடிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கதாயெவ் ஓர் அடைமொழி கொடுக்கிறார். முதல் கரடி பதற்றக்காரன், இரண்டாவது கோபக்காரன், மூன்றாவது பெரே என்னும் வட்டத் தொப்பி போட்டவன் என்று அந்த வரிசை போகிறது. மூன்றாவது கரடிக்கு எதற்குத் தொப்பி? ரஷ்ய மொழியில் 'முதல்' என்பது பெர்வி, 'பதற்றமான' என்பது நெர்வ்னி. 'மூன்றாவது' என்பது த்ரேத்தி, 'தொப்பியில்' என்பது பெரேத்யெ. வெறும் ஓசைக்காக வந்த தொப்பி அது. பெர்வி, நெர்வ்னி என்பதில் நம் எதுகையே அப்படியே இருக்கிறது, பாருங்கள். வேறு மொழிக்குப் போகும்போது ஓசை உதிர்ந்துவிடும், தொப்பி மட்டும் கரடியின் தலையில் காரணமில்லாமல் மிஞ்சும். அந்தக் காரணமற்ற தொப்பியை நாற்பது ஆண்டு நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

அடுத்தது பலகைகள். மூலத்தில் அந்தப் பையன்கள் பழைய பலகைகள்மேல் உட்கார்ந்து, மணலில் ஒரு குச்சியை நட்டுவைத்து 'பாபானின் ஆட்டம்' ஆடுகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள் சிறுமி. இது வடதுருவம், பெண்பிள்ளைகளை வடதுருவத்துக்குக் கூட்டிப்போவதில்லை என்கிறார்கள். வெறும் பலகைதானே என்கிறாள். பலகை இல்லை, பனிப்பாளம், தள்ளிப் போ, இப்போதுதான் பனி எங்களை நெருக்குகிறது என்கிறார்கள். ரோஷம் பொறுக்காமல் இதழைப் பிய்த்து உண்மையான வடதுருவத்துக்கே போய்விடுகிறாள்.

இந்த ஆட்டத்தின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1937 மே மாதம் இவான் பாபானின் தலைமையில் நான்கு பேர் வடதுருவத்துக்கு அருகே ஒரு மிதக்கும் பனிப்பாளத்தில் இறக்கப்பட்டார்கள். 'வடதுருவம்-1' என்ற ஆய்வு நிலையம் அது. ஒன்பது மாதம் அந்தப் பனிப்பாளத்தோடு தெற்கு நோக்கி மிதந்தார்கள். கிரீன்லாந்துக் கரையோரம் வரும்போது பாளம் உடைந்து சிறுத்துக்கொண்டே போனது. 1938 பிப்ரவரி 19 அன்று கப்பல்கள் வந்து மீட்டன. அந்த நால்வரும் சோவியத் நாட்டின் நாயகர்கள் ஆனார்கள். முற்றத்தில் விளையாடும் பையன்கள் பலகையைப் பனிப்பாளம் என்று சாதிப்பது அதனால்தான். கதை 1937க்கு முன்னால் எழுதப்பட்டிருக்க முடியாது என்பதை இந்தப் பலகைகளே சொல்லிவிடுகின்றன. மதுரையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. பலகை மட்டும் மனதில் தங்கியது.

இரண்டு நீல இதழ்களும் உங்கள் தவறு அல்ல. அந்தப் பூவின் ஏழு இதழ்கள் மஞ்சள், சிவப்பு, கருநீலம், பச்சை, ஆரஞ்சு, ஊதா, வெளிர்நீலம். ரஷ்ய மொழியில் கருநீலத்துக்கு சீனி என்றும் வெளிர்நீலத்துக்கு கலுபோய் என்றும் பெயர். ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடாக அவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை, சிவப்பும் மஞ்சளும் போலத் தனித்தனி நிறங்கள். சிறுமியை வடதுருவத்துக்குக் கொண்டுபோனது கருநீல இதழ். பையனுக்காகக் கடைசியில் மிஞ்சியது வெளிர்நீலம்.

நான்காவது துணுக்கு, அந்தக் குழல். உண்மையில் அது இந்தக் கதையில் இல்லை. ஆனால் உங்கள் நினைவு பொய் சொல்லவில்லை. அதே கதாயெவ் அதே 1940இல் எழுதிய இன்னொரு கதையில் அது வருகிறது. சின்னக் குழலும் சின்னக் குடமும் பற்றிய கதை. குடும்பம் காட்டுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறது. சிறுமிக்குக் குனிந்து தேடப் பொறுமையில்லை. காட்டில் இருக்கும் காளான் கிழவரிடம் ஒரு குழல் இருக்கிறது, ஊதினால் இலைகள் நிமிர்ந்து பழங்கள் வெளியே தெரியும். குடத்தைக் கொடுத்துக் குழலை வாங்கிக்கொள்கிறாள். பழம் தெரிகிறது, போட்டுக்கொள்ளக் குடம் இல்லை. குழலைக் கொடுத்துக் குடத்தை வாங்கினால் பழம் மறைந்துவிடுகிறது. இரண்டு கதைகளிலும் வரும் சிறுமி ஒருத்தியே, அவள் பெயர் ஷேன்யா. அவளுடைய தம்பி பாவ்லிக். கதாயெவின் சொந்தப் பிள்ளைகளின் பெயர்கள் அவை. ஆக, உங்கள் வீட்டில் இரண்டு கதைகளும் இருந்திருக்கின்றன. ஒரே சிறுமி என்பதால் உங்கள் மனம் இரண்டையும் ஒரே கதையாகத் தைத்துவிட்டது. பூவோடு குழலும் சேர்ந்து வந்ததைப் பார்த்தபிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேறு யார் எழுத்திலும் இந்த இரண்டும் ஒரே வாசலில் நிற்காது.

இனி, மாறிப்போனவற்றைப் பார்ப்போம். எனக்கு அவைதான் இன்னும் பிடித்தமானவை.

கதையில் அம்மா ஷேன்யாவைக் கடைக்கு அனுப்புவது பாரன்கி வாங்கிவர. நடுவில் ஓட்டையுள்ள சின்ன வளைய ரொட்டி அது. ரஷ்யாவில் கயிற்றில் கோத்து விற்பார்கள். மொத்தம் ஏழு. அப்பாவுக்குச் சீரகம் போன்ற விதை தூவியது இரண்டு, அம்மாவுக்குக் கசகசா தூவியது இரண்டு, தனக்குச் சர்க்கரை தூவியது இரண்டு, தம்பிக்கு இளஞ்சிவப்பில் குட்டியாக ஒன்று. ஷேன்யா வழியெல்லாம் பலகை விளம்பரங்களைப் படித்துக்கொண்டும் காக்கை எண்ணிக்கொண்டும் வருகிறாள். பின்னால் வந்த நாய் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வருகிறது. கை லேசானதும் திரும்பிப் பார்த்தால் வெறுங்கயிறு.

உங்கள் நினைவில் அது நூலில் கோத்த முறுக்கு. "மதுரையில் எங்குமே முறுக்கை நூலில் கோத்து விற்று நான் பார்த்ததில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நூல் மூலத்திலிருந்து வந்தது, முறுக்கு மதுரையிலிருந்து வந்தது. இரண்டும் ஒட்டாமல் நிற்கும் அந்த இடத்தில்தான் ஒரு கை வேலை செய்திருப்பது தெரிகிறது.

யாருடைய கை? உளவியலில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்பவர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் புத்தகமாக எழுதினார். திரும்பச் சொன்னவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாததைப் பழக்கமானதாக மாற்றிக்கொண்டே போனார்கள். பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. கதையில் வந்த ஆவிகள் சிலருடைய நினைவில் காணாமலே போயின. உங்கள் ஆசிரமத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும். கதையில் அந்தக் கிழவிக்கு இருப்பது ஒரு சின்னத் தோட்டம், அவ்வளவுதான். மூன்று ஆண்டு அம்புலிமாமா பார்த்தபோது பர்ணசாலையும் சடைமுடியும் உங்கள் கிழவியின்மேல் படிந்திருக்கவேண்டும். தேடுவதற்கு முன்னால் நினைவில் இருப்பதை எல்லாம் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு வைத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் நான் மன்றாடுவது இதற்காகத்தான். தேடும்போது பார்க்கிற படங்கள் நினைவுக்குள் நுழைந்துகொள்ளும், பிறகு எது பழையது எது புதியது என்று பிரிக்கவே முடியாது.

முறுக்குக்கு அந்த விளக்கம் போதாது. உங்கள் கடிதத்திலேயே வேறு விடை இருக்கிறது. முதல் வகுப்பில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகும் அந்தப் புத்தகத்தை உங்களால் படிக்க முடியவில்லை, சித்தி வந்தால்தான் கதை, அதனால் கோபமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு வரியில், சித்தி ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்குவார் என்கிறீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீங்கள் வைத்திருந்தது ஆங்கிலப் புத்தகம். சித்தி ஒவ்வொரு பக்கத்தையும் மனதுக்குள் படித்து, அங்கேயே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மௌனம் ஒரு மொழிபெயர்ப்பாளரின் மௌனம்.

அந்த வேலையை அவர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். வளையமாக இருக்கவேண்டும், நடுவில் ஓட்டை வேண்டும், கயிற்றில் கோக்க வேண்டும், மேலே சீரகம் தெரியவேண்டும். நம்மிடம் அப்படி ஒரு பண்டம் கைமுறுக்குதான். பன் என்று சொல்லியிருந்தால் ஓட்டை போயிருக்கும், வடை என்றிருந்தால் சீரகம் போயிருக்கும். ரஷ்யப் பண்டத்தை மதுரைக் குழந்தையின் கையில் கொடுக்க இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ அச்சு மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பு போட்டும் விளங்காத தின்பண்டங்களைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

மந்திரத்துக்கும் இதே கதைதான். "பறந்து போ, பறந்து போ, நாலு திசையும் சுற்றி வா, மண்ணைத் தொட்டால் என் சொல்லைக் கேள்" என்ற வரியை அப்படியே போட்டுத் தேடியும் ஒன்றும் வரவில்லை என்றீர்கள். வராது. அது எந்தக் காகிதத்திலும் அச்சாகவில்லை. மூலத்தில் ஷேன்யா சொல்வது ஆறு வரிப் பாட்டு. இதழே பற, மேற்கு வழியாகக் கிழக்குக்கு, வடக்கையும் தெற்கையும் கடந்து வட்டமடித்துத் திரும்பி வா, நிலத்தைத் தொட்டவுடன் நான் சொன்னபடி ஆகட்டும் என்பது அதன் பொருள். ஆறு வரியை மூன்றாகச் சுருக்கி, பொருள் எதையும் சிந்தாமல், ஐந்து வயதுக் குழந்தை திருப்பிச் சொல்லும் ஓசையில் கொடுத்திருக்கிறார் உங்கள் சித்தி. சித்தி இப்போது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வரி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அம்புலிமாமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் தலைமுறையில் தொலைந்த கதை எதுவானாலும் பழி அந்த இதழின்மேல்தான் விழுகிறது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ். தெலுங்கிலும் தமிழிலும் முதலில் வந்து, பிறகு பல மொழிகளுக்குப் பரவியது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படம், தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு, இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. அந்தப் படங்களின் வலிமையே மற்ற புத்தகங்களை நம் நினைவில் விழுங்கிவிட்டது. ஆனால் உங்கள் புத்தகத்தின் உடம்பைக் கவனியுங்கள். ஒரு கதைக்கே ஒரு முழுப் புத்தகம். அகலமான தாள். பக்கம் நிறைய வண்ணம். அம்புலிமாமா ஒவ்வோர் இதழிலும் பல கதைகளும் ஒரு தொடரும் கொண்ட மாத இதழ். கதைக்குள்ளும் பாருங்கள், விளக்குக் கம்பம், பொம்மைக் கடை, போக்குவரத்துப் போலீஸ்காரர், வாசலில் பெஞ்சு. ராஜகுமாரனும் வணிகனும் உலவும் இடம் அல்ல அது. கதையை மறந்தாலும் புத்தகத்தின் அளவு, கனம், தாளின் வழவழப்பு, கெட்டி அட்டையா மெல்லிய அட்டையா என்பவை விரல்களுக்கு நினைவிருக்கும். நான் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

1980களில் மதுரைப் பொருட்காட்சியில் அப்படி ஒரு புத்தகம் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்றால், கை சட்டென்று சோவியத் வெளியீடுகளின் பக்கம் போகவேண்டும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், 1982இல் அதிலிருந்து இலக்கியத்துக்கென்று பிரிந்த ராதுகா, அறிவியலுக்கு மீர் ஆகியவை ஆங்கிலத்திலும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் புத்தகங்களை அச்சிட்டு அனுப்பின. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையிலும் கண்காட்சியிலும் ஊர் ஊராகப் போகும் வண்டியிலும் வைத்து விற்றது. மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட வண்ணப் புத்தகம் கிடைத்தது அந்த விலையால்தான். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. உங்களைப்போன்ற ஒரு தலைமுறை, நாடு பெயர் தெரியாமல், எழுத்தாளர் பெயர் தெரியாமல், பனியும் கரடியும் கம்பளித் தொப்பியும் நிறைந்த கதைகளைத் தங்கள் சொந்தக் கதைகளாகச் சுமந்துகொண்டிருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் இப்படிப்பட்டவை நிறைய.

புத்தகத்தைத் திரும்பப் பெற வழி சொல்கிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவில் சோவியத் சிறுவர் நூல்களின் ஆங்கிலப் பதிப்புகளைப் பலர் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். கதாயெவ் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒய் எழுத்து சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாக எழுதுவார்கள், இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இந்தக் கதைக்குப் பல ஓவியர்கள் பல காலங்களில் படம் வரைந்திருக்கிறார்கள். முதலில் கிடைக்கும் பதிப்பின் படம் உங்கள் நினைவோடு ஒத்துப்போகவில்லை என்றால் மனம் தளரவேண்டாம், அடுத்த பதிப்பைப் பாருங்கள். சித்தி வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருந்தால் அதையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்களில், புத்தகமும் மொழிபெயர்ப்பும் அமைப்பும் எப்படி இருந்தன என்று எழுதுங்கள் என வாசகரைக் கேட்டு, மாஸ்கோ ஜூபோவ்ஸ்கி புல்வார் முகவரி அச்சிட்டிருப்பார்கள். அட்டை கிழிந்துபோன புத்தகத்தையும் அந்தக் குறிப்பை வைத்து அடையாளம் கண்டுவிடலாம்.

உங்கள் தோழி ஒருவரும் இப்படி ஒன்றைத் தேடுவதாகச் சொன்னீர்கள். அது தமிழ் இதழில் வந்ததுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் வழி வேறு. சென்னையில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டையில் ஞானாலயா, இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கை இதழ்கள் என்றால் 'நூலகம்' என்ற இணையதளம். போவதற்கு முன் ஆண்டைக் குறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த வகுப்பில் படித்தார், எந்த வீட்டில் குடியிருந்தார்கள், அந்த வீட்டில் மின்விசிறி இருந்ததா, தம்பி பிறந்துவிட்டானா என்று கேட்டால் ஆண்டு தானே வந்து நிற்கும். 'கோகுலம்' 1972இல்தான் தொடங்கியது, 'பூந்தளிர்' 1984இல். ஆண்டு தெரிந்தாலே பாதி இதழ்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அவருக்குக் கதையில் எது விளங்காமல் இருக்கிறது என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். விளங்கியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக ஒன்று கேட்டிருந்தீர்கள். பையன் குணமானதும் இருவரும் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், அந்தச் சிறுமி அவனைப் பிடித்தாளா இல்லையா என்பது மட்டும் நினைவில்லை, சித்தி சொல்லி முடிப்பதற்குள் எப்போதும் தூங்கிவிடுவேன் என்று.

அந்த இடம் இப்படிப் போகிறது. ஆறு இதழ்கள் தீர்ந்துவிட்டன. வீட்டுக்குத் திரும்ப ஒன்று, உடைந்த பூச்சாடியை ஒட்ட ஒன்று, துருவத்துக்குப் போக ஒன்று, வர ஒன்று, பொம்மைகளை அழைக்க ஒன்று, விரட்ட ஒன்று. எஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு மிட்டாய் கேட்கலாமா, சைக்கிள் கேட்கலாமா என்று ஷேன்யா கணக்குப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். வாசலருகே பெஞ்சில் வீத்யா என்ற பையன் உட்கார்ந்திருக்கிறான். அழகான கண்கள், சாதுவான முகம். விளையாட வா என்கிறாள். முடியாது என்கிறான், தடித்த அடித்தோல் வைத்துத் தைத்த தன் காலணியைக் காட்டுகிறான். எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்கிறான். ஷேன்யா வெளிர்நீல இதழை ஒரு கணம் கண்களில் ஒற்றிக்கொண்டு பறக்கவிடுகிறாள். வீத்யா பெஞ்சிலிருந்து குதித்து ஓடுகிறான்.

அவள் பிடிக்கவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை, அவன் அவ்வளவு நன்றாக ஓடினான்.